புருஸ்கெட்டாவா, புருஷெட்டாவா? ஆர்டரைத் திருப்பிச் சொல்லும்போது எதைச் சொல்வது?

தட்டேந்தி:

வணக்கம் மக்களே. இங்கிலாந்தில் படித்துக்கொண்டே வார இறுதியில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். சமையல்காரர் சிசிலிக்காரர், முன்கோபி. நான் சேர்ந்த அன்றே பாடம் எடுத்துவிட்டார்: பூண்டு தேய்த்துச் சுட்ட ரொட்டியின் பெயர் 'புருஸ்கெட்டா', அதில் 'ஷ' கிடையவே கிடையாது. உருளைக்கிழங்கு உருண்டைக்குப் பெயர் 'ன்யோக்கி'.

சரி என்று கற்றுக்கொண்டு மேசைக்குப் போனால் அங்கே பெரும்பாலும் 'புருஷெட்டா'தான். ன்யோக்கியை 'நாக்கி', 'நோச்சி' என்று மனம்போனபடி சொல்கிறார்கள். ஆர்டர் எடுத்ததும் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கடை விதி. நான் 'ரெண்டு புருஸ்கெட்டா' என்று சொன்னபோது ஓர் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எதிரே இருந்த கணவர் 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனே' என்கிற மாதிரி சிரிக்கிறார். வாடிக்கையாளர் சொன்னபடியே சொன்னால் சமையலறை ஜன்னல் வழியாகக் கரண்டி தட்டும் சத்தம் வருகிறது.

எதைச் சொல்வது? அப்புறம், வாராவாரம் வந்து சாப்பிடுகிறவர்கள் ஏன் இப்படிச் சொல்கிறார்கள்?

ஒலியன்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், அதுதான் சுவையான விஷயம்.

புருஷெட்டாவில் நாக்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஸ்கூல், ஸ்கை என்று காலையிலிருந்து சொல்கிறவர்களுக்கு 'ஸ்கெ' வராதா என்ன? வேலையைக் காட்டுவது கண். எஸ், சி, எச் மூன்றும் சேர்ந்து நின்றால் 'ஷ' என்று படிக்க ஷ்னிட்செல் போன்ற ஜெர்மன் சொற்கள் பழக்கிவிட்டன. இத்தாலியத்தில் கதை தலைகீழ். சி-க்குப் பின்னால் இ, எ வந்தால் அது 'ச்' ஒலி. அங்கே 'க்' வேண்டுமென்றால்தான் இடையில் ஓர் எச் போடுவார்கள். ஆங்கிலக்காரர் அந்த எச்சைப் பார்த்ததும் நேர் எதிராகப் படிக்கிறார். ன்யோக்கி 'நோச்சி' ஆவதும், மரஸ்கீனோ செர்ரி 'மரஷீனோ' ஆவதும் இதே வழிதான். மரஷீனோ ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது, அதை இனி யாரும் இறக்க முடியாது.

நாக்கே மறுக்கிற இடங்களும் உண்டு. இத்தாலியத்தில் 'லாட்டெ', ஜப்பானியத்தில் 'ஸாகெ', ஸ்பானியத்தில் 'குவாகமோலெ': மூன்றும் குறில் எகரத்தில் முடிகின்றன. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் அப்படி முடியாது. அதனால் அந்த எகரத்தை இழுத்து 'ஏய்' ஆக்குவார்கள், இல்லை 'இ' ஆக்குவார்கள். லாட்டேய், ஸாகி, குவாகமோலி. இதற்கு நாம் சிரிக்க முடியாது. நம் இலக்கணமும் குறில் எகரத்தைச் சொல்லின் கடைசியில் விடாது. அதனால்தான் நாமும் 'லாட்டே' என்று நெடிலாக எழுதுகிறோம்.

எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வருவது இந்த இரண்டிலும் இல்லை. தெரிந்தவர்கள் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது. ஹாபனேரோ மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹவானா நகரத்தின் பெயரால் வந்தது, ஸ்பானியத்தில் 'அபனேரோ', வெறும் 'ன'தான். ஆனால் ஹலபேன்யோவில் 'ன்ய' வரும் என்று கற்றுக்கொண்டவர்கள், மிளகாய் என்றாலே அப்படித்தான் என்று முடிவு செய்து 'ஹாபன்யேரோ' என்கிறார்கள். உள்ளே பூரணம் வைத்து மடிக்கிற எம்பனாடாவுக்கும் அதே கதி, 'எம்பன்யாடா'. பிரெஞ்சில் கடைசி மெய் ஒலிக்காது என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நம்பி, விஷிஸ்வாஸ் சூப்பை 'விஷிஸ்வா' என்று கேட்கிற கனவான்களும் உண்டு. அதில் கடைசியில் ஓர் 'ஈ' (e) எழுத்து இருப்பதால் அந்த ஸகரம் ஒலித்தே ஆக வேண்டும். இதெல்லாம் அறியாமை இல்லை, அரைகுறை அறிவு. கொஞ்சம் அலட்டலும் உண்டு.

கரண்டி:

மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?

ஒலியன்:

@கரண்டி அதற்குத் தனித் திரி வேண்டும் ஐயா, இங்கே ஆரம்பித்தால் விடியாது.

எடிசன்வாசி:

நியூ ஜெர்சியிலிருந்து. தம்பி, உங்கள் சமையல்காரர் இங்கே வந்தால் கரண்டியே உடைந்துவிடும். இங்கே இத்தாலிய வம்சாவளி டெலிக் கடைகளில் கப்போக்கொல்லோ என்கிற பன்றிக் கழுத்து இறைச்சிக்கு 'கபகூல்' என்று பெயர். ரிக்கோட்டா 'ரிகோட்', மோட்ஸரெல்லா 'முட்ஸடெல்'. சொல்லின் வாலை வெட்டிவிடுவார்கள். வந்த புதிதில் நானும் 'இவர்களே இத்தாலியர்கள், இவர்களுக்கே தெரியவில்லையே' என்று நினைத்தேன். விசாரித்தால் அது தப்பு உச்சரிப்பே இல்லை. 1880-க்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலிப் பக்கத்துத் தெற்கத்தியர். அவர்கள் பேசியது ஊர்ப் பேச்சு. இத்தாலி ஒரே நாடானதே 1861-ல்தான். பள்ளிக்கூட இத்தாலியம் டஸ்கனிப் பேச்சை வைத்து வந்தது. அந்தக் காலத்தில் அதை வீட்டில் பேசியவர்கள் மிகக் குறைவு. ஆக, கபகூல் என்கிறவர் தன் கொள்ளுப்பாட்டி சொன்னதைச் சொல்கிறார். உங்கள் சமையல்காரரின் கொள்ளுப்பாட்டி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். தள்ளி நின்று கேளுங்கள்.

ஒலியன்:

@எடிசன்வாசி அருமை. ஒன்று கவனித்தீர்களா? 'ரிகோட்'டில், இத்தாலிய எழுத்தில் நடுவே தனியாக நிற்கிற ககரம் மெலிந்துவிட்டது, இரட்டித்து நிற்கிற டகரம் மட்டும் வல்லினமாகவே இருக்கிறது. 'மகன்' என்பதில் வருகிற க-வையும் 'மக்கள்' என்பதில் வருகிற க்க-வையும் சொல்லிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் 'கபகூல்' என்று எழுதிவிட்டால் நடுவில் உள்ள ப-வும் க-வும் தாமாகவே மெலிந்து ஒலிக்கும். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டத்தான் எழுத்தை மாற்ற வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. ஆங்கிலக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதும் இல்லை. பாஸ்டா, டாக்கோ இரண்டிலும் வரும் அகரத்தை அமெரிக்கர் 'ஃபாதர்' சொல்லின் ஆகாரம் போலச் சொல்வார். பிரிட்டிஷ்காரர் 'கேட்', அதாவது பூனை, அந்தச் சொல்லின் ஒலியில் சொல்வார். பாஸ்டாவைப் பொறுத்தவரை கனடாக்காரரும் பூனைக் கட்சிதான். சார்ல்ஸ் போபர்க் என்ற கனடிய மொழியியலாளர் இந்த ஓர் ஒலியையே எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எலும்பில்லாத மீன், இறைச்சித் துண்டான ஃபில்லெட்டை பிரிட்டனில் 'ஃபில்லிட்' என்பார்கள், அமெரிக்காவில் பிரெஞ்சு வாசனையோடு 'ஃபிலே'. மூலிகைக்கு அமெரிக்கர் 'எர்ப்' என்றால் பிரிட்டிஷ்காரர் முகம் சுளிப்பார். பழைய உச்சரிப்பு அமெரிக்கருடையதுதான். ஹகரத்தை ஒலிக்கும் வழக்கம் பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

கரண்டி:

மொழியியல் எல்லாம் சரி, பையன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்களப்பா. நானும் சில வருஷம் லண்டனில் தட்டு தூக்கியவன். என் வழி இது. வாடிக்கையாளர் 'புருஷெட்டா' என்று தெளிவாகச் சொன்னால் நீயும் அதையே சொல். திருப்பிச் சொல்வது எத்தனை தட்டு, எந்த மேசை என்று சரிபார்க்கத்தான், பாடம் நடத்த இல்லை. அந்த அம்மா சாப்பிட வந்திருக்கிறார், கணவர் முன்னால் தலைகுனிய வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியதும் சமையல்காரரின் உச்சரிப்புக்கு மாறிக்கொள்.

ஆனால் ன்யோக்கி விஷயம் வேறு. நிறையப் பேர் அதைச் சொல்லவே மாட்டார்கள். மெனுவைத் திருப்பி உன் பக்கம் காட்டி, விரலை வைத்து, 'இதுல ஒண்ணு' என்பார்கள். சிலர் இருமுவார்கள். அங்கே நீ தயங்காமல், தெளிவாக, கொஞ்சம் மெதுவாக 'ஒரு ன்யோக்கி' என்று சொல்லிவிடு. அவர்களுக்கு அது உதவி. அடுத்த தடவை அவர்களே வாய்விட்டுச் சொல்வார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

எடிசன்வாசி:

@கரண்டி இதுவே சரி. ஒருமை பன்மையிலும் கை வைக்காதீர்கள் தம்பி. சாண்ட்விச்சுக்கு இத்தாலியத்தில் பானினி பன்மை, ஒன்று என்றால் பானினோ. ஆங்கிலத்தில் ஒன்றே பானினிதான், இரண்டு 'பானினிஸ்'. இது புதுப் பழக்கமும் இல்லை. கம்பியில் சுழற்றிச் சுட்ட இறைச்சியை ரொட்டியில் சுருட்டித் தருகிற யீரோஸ், கிரேக்கத்தில் அதுவே ஒருமை. கடைசி எஸ்ஸைப் பன்மை என்று நினைத்து வெட்டி 'யீரோ' ஆக்கினார்கள், சிலர் எழுத்தைப் பார்த்து 'ஜைரோ' என்கிறார்கள். செர்ரியும் அப்படி வெட்டுப்பட்டு வந்ததுதான், பழைய பிரெஞ்சில் அது செரீஸ். பட்டாணிக்கு ஆங்கிலத்தில் முன்பு 'பீஸ்' என்பதே ஒருமை. அதையும் வெட்டித்தான் 'பீ' வந்தது.

தட்டேந்தி:

எல்லோருக்கும் நன்றி. @கரண்டி அண்ணா, விரல் வைத்துக் காட்டுகிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், கண் சரியாகத் தெரியவில்லை போல என்று நினைத்து மெனுவைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்! சனிக்கிழமை உங்கள் வழியில் முயன்று பார்க்கிறேன்.

@எடிசன்வாசி பானினோ பற்றிச் சொன்னீர்களே, போன வாரம் ஒருவர் 'ஒரு பானினோ' என்று சுத்தமாகக் கேட்டார். பில் போடும் மெஷினில் 'பானினி' பட்டன் மட்டும்தான் இருக்கிறது. அதை அழுத்தினேன், ரசீதில் 'பானினி 1' என்று வந்தது. மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் இலக்கணம் பேச ஆரம்பித்துவிட்டார். சமையல்காரர் ஏப்ரனோடு வெளியே வந்து அவருக்குக் கை கொடுத்தார்.