அம்மாவுக்கு காசில்மேன் நோயாம், வைரஸ் தொத்துமா?

யீஷூன்காரி:
அம்மாவுக்கு 58 வயசு. மூணு மாசமா காய்ச்சல் விட்டு விட்டு வருது, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, கழுத்து அக்குள் எல்லாம் நெறி கட்டிருக்கு. பாலிகிளினிக்ல மொதல்ல டிபியான்னு பாத்தாங்க, இல்ல. ஒரு கட்டிய எடுத்து பயாப்சி பண்ணதுல காசில்மேன்ங்கற நெறிகட்டி வீங்குற அபூர்வ நோய், அதுவும் பல இடத்துல வர்ற வகைன்னு வந்துச்சு. கீழ ‘ஹெச்ஹெச்வி-8 நெகட்டிவ்’னு ஒரு வரி. இத கேட்டதும் அத்தை, வைரஸ்னா பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்னு சொல்லி அம்மாவுக்கு தனி தட்டு வச்சிட்டாங்க. நெகட்டிவ்னா வேற வைரஸா?

லேப்வாசி:
மொதல்ல அந்த தட்ட எடுங்க லா. ஹெச்ஹெச்வி-8ங்கறது கபோசி சர்கோமாங்கற புத்துநோய் கட்டியில 1994ல கண்டுபிடிச்ச வைரஸ், அடுத்த வருஷமே காசில்மேன் கட்டியிலயும் இருக்குன்னு பாத்தாங்க, பெரும்பாலும் எச்ஐவி உள்ளவங்களுக்கு. ஐஎல்-6ங்கறது உடம்புல அழற்சிய கிளப்புற புரதம், இந்த வைரஸ் அதே மாதிரி ஒரு புரதத்த தானே செஞ்சு விடும், அதுதான் காய்ச்சல் வேர்வை எல்லாத்துக்கும் மூலம். உங்கம்மாவுக்கு அது இல்ல, ஆனா பல பேருக்கு வைரஸ் இல்லாமலே ஐஎல்-6 ஏறுது, ஏன்னுதான் புரியல. வேற வைரஸ் ஒளிஞ்சிருக்கான்னு கட்டியில இருந்து மரபணு எடுத்து, தெரிஞ்ச வைரஸ் குடும்பத்தையெல்லாம் ஒரே வலையில சலிச்சுப் பாத்த ஆய்வு 2019ல வந்துச்சு, குற்றவாளின்னு கைகாட்ட ஒண்ணும் சிக்கல. அதனால இப்ப நோய் எதிர்ப்பு சக்தியே தடம் மாறுதா, செல்லுல மரபணு மாற்றமான்னும் தேடுறாங்க.

தேக்கா மாமா:
என் மச்சானுக்கும் இதே நோய்தான், அவனுக்கு ஈபிவின்னு ஒரு வைரஸ் பாசிட்டிவ்னு வந்துச்சே? அப்ப அதானே காரணம்?

லேப்வாசி:
அண்ணே, ரத்தத்துல ஈபிவி ஆன்டிபாடி பாத்தா பெரியவங்கள்ல 100க்கு 90 பேருக்கு மேல பாசிட்டிவ்தான், உங்களுக்கும் எனக்கும் சேத்து. வீட்டுல பல்லி இருக்குன்னு பல்லிதான் கரண்டு போக காரணம்னு சொல்ல முடியுமா?

ஜூரோங் அக்கா:
என் வீட்டுக்காரருக்கு இதே வகை, ஹெச்ஹெச்வி-8 நெகட்டிவ். மூணு வாரத்துக்கு ஒரு தடவ சில்டுக்சிமாப் ட்ரிப் ஏத்துறாங்க, ஐஎல்-6ஐ பிடிச்சு வைக்கிற மருந்து. எல்லாருக்கும் கேக்காதும்மா, ட்ரயல்லயே மூணுல ஒருத்தருக்குத்தான் நல்லா கேட்டுச்சு, இவருக்கு கேட்டுச்சு. ஹெமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர்கிட்ட ஐஎல்-6, சிஆர்பி (அழற்சி எவ்வளவுன்னு காட்டுற ரத்த டெஸ்ட்) ரெண்டும் எவ்வளவுன்னு கேளுங்க, எச்ஐவி டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

யீஷூன்காரி:
சிஆர்பி ரொம்ப ஏறிருக்குன்னு சொன்னாங்க, ஐஎல்-6 வியாழக்கிழமை கேக்குறேன். தட்ட எடுத்துட்டேன், அத்தைதான் முகத்த தூக்கி வச்சிருக்காங்க.