கூப்பிடாமலே பக்கத்தில் போய் உட்கார முடிகிறவர்கள்

போன் மாற்றும்போதுதான் கவனித்தேன், உள்ளே 1,312 எண்கள். பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. 'ரவி புது நம்பர்' என்று ஒன்று. எந்த ரவி, எப்போது புதுசு?

குரங்கினங்களின் மூளை அளவையும் கூட்டத்தின் அளவையும் ஒப்பிட்டு, மனிதனால் சுமார் 150 பேரோடுதான் உருப்படியாக உறவு வைத்துக்கொள்ள முடியும் என்று 1990-களின் தொடக்கத்தில் ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர் கணக்குப் போட்டார். 2021-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை மறுபடி போட்டுப் பார்த்து, விடை 2 முதல் 520 வரை எங்கும் விழலாம், ஒரே எண்ணெல்லாம் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். போகட்டும். எனக்குப் பிடித்தது டன்பாரின் அளவுகோல்தான்: எதிர்பாராமல் ஒருவரைப் பார்த்தால், கூப்பிடாமலே பக்கத்தில் போய் உட்காரக் கூச்சம் வரக்கூடாது.

போன மாதம் ரயில் நிலையத்தில் என் பழைய அறைத்தோழன். இருபதடி தள்ளி நின்றான். நான் குனிந்து போனை நோண்ட ஆரம்பித்தேன். ஒரு காலத்தில் கேட்காமல் அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனவன் நான். சண்டையெல்லாம் இல்லை. அவன் அப்பா இறந்தபோது போகவில்லை, அப்புறம் போக முகமில்லை. ரயில் வந்ததும் பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வேறு பெட்டியில் ஏறினான். எப்போதும் இடது தோள்தான்.

— (ஒரு வாசகி) காதல் வந்தால் நெருக்கமான வட்டத்திலிருந்து இரண்டு பேர் கழன்றுவிடுவார்கள் என்றும் டன்பார் சொல்லியிருக்கிறார். கழன்றவர்களில் நானும் ஒருத்தி. தினமும் பேசிய தோழிக்குத் திருமணமானதும் பேச்சு பிறந்தநாளுக்கு மட்டும் என்றானது. கோபம் இரண்டு வருஷம் இருந்தது. பிறகு எனக்குத் திருமணமானது, நானும் அதையேதான் செய்தேன்.

— (ஒரு வாசகர்) நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் என்பவரின் 2018 ஆய்வு சொல்கிறது. எனக்கு வயது 58. புதிதாக 200 மணி நேரத்துக்கு எங்கே போவேன்? உங்களுக்கு அந்த அறைத்தோழனோடு அதெல்லாம் எப்போதோ கழிந்தாயிற்று. ஒரு போன் போடுங்கள், தம்பி.

— (நான்) போட்டேன், ஐயா. அவனும் ரவிதான். என் போனில் மொத்தம் மூன்று ரவி. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதில் ஒரு எலக்ட்ரீசியன் எடுத்து, எப்போது வர வேண்டும் என்று கேட்டார். 'புது நம்பர்' மணி அடிக்கிறது, இன்னும் எடுக்கவில்லை.