பழைய பிக்கப் வாங்கிய நம்மூர்க்காரர்களுக்கு: கிரவுன் ஆயிலை நீங்களே மாற்றுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து மிச்சிகனுக்கு வந்து, முதல் பனிக்காலத்தைப் பார்த்ததும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. வாங்கிய வாரமே இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுவார்கள். அதோடு சரி. முன் அச்சில் ஒரு டிஃபரன்ஷியல் (ஊரில் நாம் கிரவுன் என்போமே, இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி, அதுதான்), பின் அச்சில் ஒன்று, நடுவே இன்ஜின் இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸ் என மூன்று இடங்களில் தனித்தனி ஆயில் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் அதைத் தொட்டாரா இல்லையா என்று சொல்ல யாருமில்லை. ரசீது கையில் இல்லையென்றால் மூன்றையும் மாற்றிவிடுங்கள்.

ஊரில் இந்தக் கவலையே நமக்கு இருந்ததில்லை. கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் பெங்களூருச் சாலையும் சேலம் சாலையும் கூடும் இடத்தைச் சுற்றிப் பட்டறைகள்தான். கிரவுன் ஆயிலைப் பார்க்கச் சொல்லிவிட்டு டீ குடித்துத் திரும்பினால் வேலை முடிந்திருக்கும். இங்கே பணம் போவது ஆயிலுக்கு அல்ல, கூலிக்கு. பல பட்டறைகளில் ஒரு மணி நேரக் கூலியே 100 டாலருக்கு மேல். பொறுமையும் பெரிய சாக்கெட் ஸ்பேனரும் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் நீங்களே செய்யக்கூடிய வேலை இது.

தொப்பூர் மேட்டில் கருங்கல் பாளத்தோடு லாரி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாரம் முழுவதும் கடைசியில் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், பினியன் என்ற சிறிய பல்சக்கரம் இரண்டின் பற்களின் மேல்தான் விழுகிறது. அந்தப் பற்கள் உருள்வதைவிட ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்வதே அதிகம். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஜிஎல்-5 ரக கியர் ஆயில் அங்கே தேவைப்படுகிறது. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் அந்தக் கந்தகத்தினுடையது. டிரெய்லரோ படகோ இழுக்கிற வண்டியில் ஆயில் சூடேறிச் சீக்கிரம் சத்திழக்கும். பல வண்டிகளுக்கு 30,000 முதல் 60,000 மைல் வரை கணக்குச் சொல்வார்கள். பாரம் இழுத்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள்.

இனி நான் சொல்வதை மட்டும் எக்காரணத்துக்கும் மாற்றிச் செய்யாதீர்கள். கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன்னால், மேலே இருக்கும் ஆயில் ஊற்றும் பிளக்கைத் திறந்துவிடுங்கள். மிச்சிகன் சாலைகளில் பனிக்காலம் முழுவதும் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு பிளக்குகள் துருவேறி இறுகிப்போகும். ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் அசையவில்லை என்றால், வறண்ட டிஃபரன்ஷியலோடு வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். ஊரைப் போல, ஓடிப்போய்ப் பக்கத்துப் பட்டறைப் பையனைக் கூட்டி வர முடியாது. முந்தைய நாள் மாலையே பிளக்கைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள்.

ஆயில் வாங்குவதில் ஊர்ப் பழக்கம் உதவாது. டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் 75டபிள்யூ-90 போதும் (ஆயிலின் தடிமனைச் சொல்லும் எண் இது). பாரம் இழுக்கும் சில வண்டிகளுக்கு 75டபிள்யூ-140 சொல்லியிருப்பார்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் அதற்கான சேர்மானமும் வேண்டியிருக்கலாம். சில ஆயில்களில் அது முன்பே கலந்திருக்கும், டப்பாவைப் படியுங்கள். டிரான்ஸ்பர் கேஸ் விஷயம் வேறு. சில டொயோட்டாக்களுக்கு 75டபிள்யூ கியர் ஆயில், பல ஜிஎம் பிக்கப்களுக்கு ஆட்டோ-டிராக் 2 என்ற நீல நிற ஆயில், வேறு பலவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில். மூன்று இடத்துக்கும் ஒரே ஆயிலை ஊற்றுவது சரியல்ல. அளவும் லிட்டரில் இருக்காது. ஒரு குவார்ட் என்பது லிட்டருக்குச் சற்றுக் குறைவு, 0.946.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலை இளஞ்சூடாக்கிக்கொண்டு, சமதளத்தில் நிறுத்துங்கள். பிக்கப் உயரமானது, பலவற்றில் தூக்காமலே அடியில் நுழைந்துவிடலாம். தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து மட்டமாக நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள். உங்களை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸ் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும், கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் பிளக்கின் நுனியில் பல வண்டிகளில் காந்தம் இருக்கும். அதில் விபூதியைக் குழைத்தது போலச் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை, இயல்பான தேய்மானம். விரலால் வழித்துத் தேய்த்துப் பாருங்கள். நெருடினாலோ, நகம் அளவுக்குச் சில்லு கிடைத்தாலோ மெக்கானிக்கிடம் காட்டித்தான் ஆக வேண்டும். வடிந்த ஆயில் பால் கலந்தாற்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏரியில் படகு இறக்கும்போது பின் அச்சு தண்ணீரில் முங்கும் வண்டிகளில் இது நடக்கும். அச்சின் மேலே உள்ள காற்றுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பல பிக்கப்களின் பின் டிஃபரன்ஷியலில் டிரெயின் பிளக்கே கிடையாது. பின்மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் போல்ட்டுகள் இரண்டை மட்டும் கழற்றாமல் விட்டு, அடிப்பக்கம் நெம்பினால் ஆயில் கொட்டும். பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துப் புதியது போடுங்கள்.

புது ஆயிலைக் கை பம்பால் ஏற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கினால் நிறைந்துவிட்டது என்று பொருள். சிலவற்றில் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். வாஷர் புதிதாக இருக்கட்டும். டிரான்ஸ்பர் கேஸ் பல வண்டிகளில் அலுமினியம், சிலவற்றில் மெக்னீசியம். பலத்தைக் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்தே முறுக்குங்கள். வாங்க வேண்டாம், ஆட்டோசோன், ஓரெய்லி போன்ற கடைகளில் முன்பணம் கட்டிக் கருவியை எடுத்துவந்து, திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

அபார்ட்மெண்டில் குடியிருப்பவர்கள் வாடகை ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பலவற்றில் எழுதியிருக்கும். பழைய ஆயிலை மூடியுள்ள டப்பாவில் பிடித்து அதே கடைகளில் கொடுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை மாற்றிய இன்ஜின் ஆயிலே 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கும் என்கிறது இந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. குடிநீருக்காக அலைந்த தருமபுரிக்காரர்களுக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

வாரண்டி இன்னும் மிச்சமிருக்கும் வண்டியா? நீங்களே வேலை செய்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டிச் சட்டம் இடம் தரவில்லை. ஆயில் ரசீதையும் அன்றைய மைல் கணக்கையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் மாடல், ஆண்டு, இன்ஜின் அளவு, லிமிடெட் ஸ்லிப் உண்டா என்பதை எழுதினால், எந்த ஆயில், எந்த அளவு ஸ்பேனர் என்று கையேட்டைப் பார்த்துச் சொல்கிறேன். ஃபோர்டு வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் அச்சுக் குறியீட்டையும் பார்த்து எழுதுங்கள்.