பெண்கள் ஜெபக்கூட்டத்துக்கு யோசனை வேணும்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மயிலாடுதுறை பக்கம் எங்க சபைப் பெண்கள்கிட்ட, "உங்க மனசுல கடவுள் எப்படி இருக்கார்?"னு கேட்டேன். நடவுக்குப் போற ஒரு அக்கா, "பிரம்போட நிக்கிற வாத்தியார்தான்"னாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னாக்கூட, என்ன பாவம் செஞ்சேனோன்னுதான் ஜெபத்தையே ஆரம்பிப்பாங்களாம். குடிகார அப்பாகிட்ட வளர்ந்த இன்னொரு பொண்ணுக்குப் 'பிதாவே'ன்னு கூப்பிடவே வாய் வரலை.

தாய் தேற்றுவதுபோல் தேற்றுவேன்னு வர்ற ஏசாயா 66:13, தொலைஞ்ச காசை வீட்டைப் பெருக்கித் தேடுற பெண் வர்ற லூக்கா 15:8 ரெண்டும் எடுத்து வச்சிருக்கேன். சங்கீதம் 23 வேண்டாம், கடகடன்னு ஒப்பிச்சிட்டுப் போயிடுவாங்க. வேற என்ன பகுதி எடுக்கலாம்? அந்தப் பொண்ணுகிட்ட கூட்டத்துலயே பேசலாமா, தனியாவா? இப்படி நடத்தின அனுபவம் உள்ளவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.