மூடப்போகும் கிளப்பில் பழைய பங்க் குழுவின் கடைசி இரவு: பதிவை எப்படித் திட்டமிடுவது?

கீழ்த்தளம் கேட்டது:

வணக்கம். லண்டனில் ஒரு கீழ்த்தள கிளப். 300 பேர் நிற்கலாம். அடுத்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள், கட்டடம் இடிபடப் போகிறது. கடைசி இரவில் 1978-இல் தொடங்கிய ஒரு பங்க் குழு வாசிக்கிறது. நால்வர்: இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ். மூவர் பாடுவார்கள். மொத்தம் 75 நிமிடம், 28 பாட்டு. அதை இசைத்தட்டாக வெளியிட எண்ணம்.

அரங்கின் ஒலி மிக்சர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் கருவி, அதில் தடங்களை எஸ்டி கார்டில் தனித்தனியாகப் பதிவு செய்யும் எக்ஸ்-லைவ் அட்டை இருக்கிறது. கூரை உயரம் 2.6 மீட்டர்தான். மேடையிலிருந்து மிக்சர் 12 மீட்டர் தள்ளி. முந்தின நாள் பிற்பகலில் 3 மணி நேரம் அரங்கம் காலியாகக் கிடைக்கும். மேடை மைக்குகளை மட்டும் தடம் தடமாக எடுத்தால் போதுமா? கூட்டத்துக்கு எத்தனை மைக், எங்கே வைப்பது? ஒரே ஒரு இரவு, இரண்டாவது வாய்ப்பு இல்லை. எது கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

நேர்த்தடம்:

முதலில் கணக்கு. எக்ஸ்-லைவ் 32 தடங்களை 48 கிலோஹெர்ட்ஸில், 32 பிட் கோப்பாக எழுதும். நொடிக்கு 6.1 மெகாபைட். 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 87 நிமிடம் கொள்ளும். உங்கள் நிகழ்ச்சி 75 நிமிடம், மேலே ஒரு மறுவருகை (கூட்டம் கேட்டு மீண்டும் வந்து வாசிப்பது), அதற்கு முன் 5 நிமிடக் கூட்ட இரைச்சல். ஒரு கார்டு விளிம்பில் போய் நிற்கும். இரண்டு கார்டு போடுங்கள், இரண்டையும் மிக்சரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புகள் 4 ஜிபிக்கு ஒன்றாக உடையும், அதாவது 11 நிமிடம் 39 நொடிக்கு ஒருமுறை. ஒன்றின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டினால் இடைவெளி இருக்காது. ஆனால் ஒரு கோப்பு வரிசை மாறினாலும் பாட்டின் நடுவே தாவிவிடும். பதிவை நிறுத்து என்று அழுத்தி, கார்டு எழுதி முடித்த பிறகுதான் மின்சாரத்தை அணைக்க வேண்டும். கடைசி இரவில் யாராவது ஆர்வத்தில் மெயின் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். மிக்சருக்கு மட்டும் ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

பெரும்பாலான பதிவுகள் கெடுவது கெய்னில், அதாவது மைக் ஒலியை எவ்வளவு பெருக்குகிறோம் என்பதில். ஒலிச்சோதனையில் வாசிப்பதைவிட நிகழ்ச்சியில் 6 முதல் 10 டெசிபல் கூடுதலாக அடிப்பார்கள். பங்க் டிரம்மர் என்றால் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் உச்சம் மிக்சர் அளவியில் மைனஸ் 18 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். கோப்பு 32 பிட்தானே, பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். மைக் பெருக்கியிலேயே முறிந்த ஒலியை எந்தக் கோப்பும் மீட்காது. இன்னொன்று: கார்டுக்குப் போவது பெருக்கியைத் தாண்டிய உடனே எடுக்கும் ஒலி. அரங்க ஒலியாளர் பாட்டின் நடுவே கெய்னைத் திருகினால் உங்கள் தடமும் கூடவே ஏறி இறங்கும். நிகழ்ச்சி தொடங்கிய பின் கெய்னைத் தொடுவதில்லை, எல்லாம் ஃபேடரில் (ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியில்) என்று அவரிடம் பேசி வைத்துவிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மைக் ஒலியை இரண்டாகப் பிரிக்கும் டிரான்ஸ்பார்மர் ஸ்ப்ளிட்டர் வைத்துத் தனிப் பதிவுக் கருவிக்கு எடுக்க வேண்டியதுதான். அப்போது சில மைக்குகளுக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேண்டம் மின்சாரம் ஸ்ப்ளிட்டரின் நேர்ப்பக்கத்திலிருந்து மட்டுமே போகும். டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து கொடுத்தால் மைக்குக்குப் போய்ச் சேராது.

மேடைக்கு 16 தடம் போதும். டிரம்ஸில் கிக் என்னும் பெரிய டிரம்முக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று; ஸ்நேர் டிரம்முக்கு மேல், கீழ்; டாம் டிரம்களுக்கு இரண்டு; சிம்பல்களுக்கு மேலே இரண்டு; பேஸுக்கு, மைக் இல்லாமல் கருவியிலிருந்தே வரும் நேர் இணைப்பு ஒன்று, பெட்டி முன் ஒன்று; கிட்டார் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு எஸ்எம்57 மைக்; பாட மூன்று. மீதி ஒன்றில் இரண்டாவது கிட்டாரின் ஆம்பில் வேறுவகை மைக் வைத்துக்கொள்ளலாம். பேஸ் நேர் இணைப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கூரை தாழ்ந்த அறையில் பேஸ் பெட்டியின் மைக்கில் பாதி கிக் டிரம்தான் இருக்கும்.

அறையோசை:

நேர்த்தடம் சொன்னதெல்லாம் சரி. ஆனால் கேள்வியின் மையம் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கிட்டார் தடம் கெட்டால் அடுத்த வாரம் வேறிடத்தில் அதே ஆம்பை வைத்து வாசித்து ஒட்டலாம். அந்த அறை போய்விட்டால் போனதுதான். அதனால் உழைப்பில் பாதியை அறைக்குக் கொடுங்கள்.

2.6 மீட்டர் கூரைக்கு ஸ்டாண்டு வேண்டாம். கை தூக்கினால் எட்டிவிடும், முதல் பாட்டிலேயே சாய்ந்துவிடும். கூரையிலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே மைக்கைத் தொங்கவிடுவதும் சரிவராது. நேராக வரும் ஒலியும் கூரையில் பட்டு வரும் ஒலியும் மோதி நடு அதிர்வெண்களில் பள்ளம் விழும். பரப்பில் ஒட்டும் பவுண்டரி மைக் நான்கு வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். கூரையிலேயே தட்டையாக ஒட்டிவிட்டால் அந்த மோதல் இல்லை, கையும் எட்டாது. இரண்டு மேடையிலிருந்து 4 மீட்டரில், இரண்டு மிக்சருக்கு நேர் மேலே. பிறகு மேடை விளிம்பில், பிஏ (அரங்க ஒலிபெருக்கி) பெட்டிகளின் கோட்டுக்குப் பின்னால், கூட்டத்தைப் பார்த்து, முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் இரண்டு கார்டியாய்ட் மைக். முன்வரிசையின் குரல் இதில்தான் கிடைக்கும். மொத்தம் 22 தடம், கார்டில் இடம் இருக்கிறது.

இப்போது அந்த 3 மணி நேரம். காலி அரங்கில் அறையின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது அந்த அறை ஒலியை எப்படி முழங்கவைக்கிறது என்ற பதிவை, எடுத்துவிடுங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை 20 நொடியில் ஏறும் சைன் ஸ்வீப் ஒலி, பின்னால் 5 நொடி மௌனம், இதே மாதிரி மூன்று முறை. முதலில் பிஏ வழியாக. பிறகு மேடையில் டிரம்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்பீக்கரை வைத்து, அதன் வழியாக. அப்புறம் கிட்டார் இருக்கும் இடத்திலிருந்து. ஒவ்வொன்றையும் ஆறு அறை மைக்குகளிலும் பதிவு செய்யுங்கள். 85 டெசிபல் போதும், காது வலிக்கும் அளவுக்கு வேண்டாம். பார் குளிர்பெட்டி, ஏசி, காற்றாடி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கடைசியில் 60 நொடி வெறும் மௌனத்தையும் எடுங்கள். நாற்காலி, திரை, பார் பலகை எதையும் கழற்றுவதற்கு முன் இது முடிய வேண்டும். பொருள்களை வெளியேற்றிய அறையின் ஓசை வேறு.

இதனால் என்ன பயன்? ஒரு பாட்டில் ஸ்நேர் மைக் விழுந்துவிட்டது, வேறொரு அடியை வைத்து நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடியோடு இந்தப் பதிவிலிருக்கும் அறை முழக்கத்தைச் சேர்த்தால் இதே அறையில் விழுந்ததுபோல ஒலிக்கும். காலி அறையின் முழக்கம் 300 உடல்கள் நிறைந்த அறையைவிட நீளம். எனவே முழக்கத்தின் வாலைக் கொஞ்சம் சுருக்கிப் பயன்படுத்துங்கள்.

நேர்த்தடம்:

பவுண்டரி மைக் யோசனை அருமை. கலக்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒலி 12 மீட்டர் கடக்க 35 மில்லிசெகண்ட் ஆகும், 48 கிலோஹெர்ட்ஸில் 1680 சாம்பிள். பின்பக்க மைக்குகளின் தடங்களை நேரத்தில் அவ்வளவு முன்னே இழுத்தால் ஸ்நேர் இரட்டையாகக் கேட்காது.

அறையோசை:

முழு 35-ஐ இழுக்காதீர்கள். முழுதாக நேராக்கினால் அறை தட்டையாகிவிடும், கூட்டம் பாடகரின் வாய்க்குள் நிற்பதுபோல இருக்கும். 20 இழுத்து 15 விட்டுவிடுங்கள். முன்பக்க இரண்டையும் இழுக்கவே வேண்டாம். எல்லா அறைத் தடங்களிலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பிஏவின் பேஸ் அங்கேயும் வந்து, நேர் இணைப்பின் தெளிவைத் தின்றுவிடும்.

நாலாம்பக்கம்:

தட்டு என்று சொன்னதால் எழுதுகிறேன். 12 அங்குல, 33⅓ சுற்றுத் தட்டில் இவ்வளவு சத்தமான இசைக்கு ஒரு பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடம்தான் நல்லது. அதற்குமேல் போனால் ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும், பக்கக் கடைசியில் சிம்பல் கரகரக்கும். 75 நிமிடம் என்றால் இரண்டு தட்டு, நான்கு பக்கம். பங்க் குழு பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் மூச்சு விடாது, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு பாய்ந்துவிடும். எனவே பாட்டு வரிசை எழுதும்போதே குழுவிடம் பேசி, 18 நிமிடத்துக்கு ஒருமுறை சுருதி சரிசெய்யவோ பேசவோ ஓர் இடைவெளி வைக்கச் சொல்லுங்கள். அங்கே 10 நொடி கைதட்டல் கிடைத்தால் பக்கத்தை அழகாக மூடித் திறக்கலாம். பிறகு கணினியில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் பாட்டின் தலையை வெட்ட வேண்டியிருக்கும்.

அனுமதிகள். பிரிட்டனில் 1988 பதிப்புரிமைச் சட்டப்படி, மேடையில் வாசிக்கும் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். கடைசி இரவில் பழைய உறுப்பினர்கள், நண்பர்கள் என்று யாராவது திடீரென ஏறுவார்கள். 2006 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கின் சிபிஜிபி பங்க் கிளப்பின் கடைசி நிகழ்ச்சியில் பாடகி பாட்டி ஸ்மித்துடன் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் ஃப்ளீ வந்து வாசித்தார். அப்படி ஒருவர் உங்கள் மேடையிலும் ஏறிக் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால் அந்தப் பாட்டை வெளியிட முடியாமல் போகும். பத்துப் படிவம் அச்சிட்டு மேடைப் பக்கத்தில் வையுங்கள். பிறர் எழுதிய பாட்டு வாசித்தால் எம்சிபிஎஸ் (பாட்டைப் பதிந்து வெளியிட உரிமம் தரும் அமைப்பு) உரிமம் தனி. குழுவின் பழைய ஒப்பந்தங்களில் அதே பாட்டுகளை மீண்டும் பதிவு செய்யத் தடை இருக்கிறதா, இருந்தால் காலம் முடிந்துவிட்டதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ்த்தளம்:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்துத்தான் பாடுவார், கூட்டத்துக்குள்ளும் நீட்டுவார். இதற்கு என்ன வழி? பார் வேலை செய்துகொண்டே இருக்குமே, அந்தச் சத்தத்தை என்ன செய்வது?

நேர்த்தடம்:

பொத்திப் பிடித்தால் மைக்கின் பின்துளைகள் அடைபட்டு, எல்லாத் திசையையும் கேட்கும் மைக்காகிவிடும். மேடையில் பாடகருக்கு ஒலி தரும் மானிட்டர் கூவும், டிரம்ஸ் குரல் தடத்தில் நிரம்பும். அவர் பழக்கத்தை மாற்ற முயலாதீர்கள், பாட்டு போய்விடும். அவருடைய மானிட்டரை 3 டெசிபல் குறைத்துத் தரையிலிருந்து நேராக முகத்துக்குத் திருப்புங்கள். கலக்கும்போது குரல் தடத்துக்கு, குறைந்த ஒலியைத் தானாக அடைக்கும் கேட் போடவேண்டாம். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சிம்பலின் நிறம் மாறும். பாடாத இடங்களில் கையால் 6 முதல் 8 டெசிபல் இறக்குங்கள், அவ்வளவுதான். கூட்டத்துக்கு நீட்ட வயர் மைக்கில் 10 மீட்டர் கூடுதல் வயர் விடுங்கள், மைக் பக்க முனையைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அதே மாதிரி இரண்டு மைக் மேடையோரம் தயாராக இருக்கட்டும்.

அறையோசை:

பார் சத்தம் முழுக்கப் போகத் தேவையில்லை, அதுவும் அந்த இடத்தின் ஓசைதான். ஆனால் அடக்கமாகப் பேசும் தருணம் ஒன்று வரும். சிபிஜிபியில் அந்த இரவின் முடிவில் பாட்டி ஸ்மித் இறந்துபோன இசைக்கலைஞர்களின் பெயர்களை வாசித்தார். அப்படிப்பட்ட நிமிடத்தில் ஐஸ் கொட்டும் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும்தான் பெரிதாகக் கேட்கும். பார் பொறுப்பாளரிடம் பாட்டு வரிசையின் ஒரு பிரதியைக் கொடுத்து, அந்த இடத்தில் குறி போட்டு, இரண்டு நிமிடம் ஐஸ் அள்ள வேண்டாம் என்று கேளுங்கள். அறைத் தடங்களில், பெரிய ஒலியையும் சிறிய ஒலியையும் சமன் செய்யும் கம்ப்ரசர் போட்டால் அந்த மௌனத்தில் ஏசியின் இரைச்சல் மேலெழும். ஃபேடரை ஏற்றி இறக்கியே சமாளியுங்கள்: பாட்டின்போது கீழே, இடைவெளியில் 6 டெசிபல் மேலே, ஏறும்போது ஒரு நொடி எடுத்து மெதுவாக.

நாலாம்பக்கம்:

கடைசி இரவில் நினைவுக்கு என்று எதையாவது கழற்றிக்கொண்டு போவார்கள். மைக்கும் வயரும் அதில் சேரும். கடைசிப் பாட்டு முடிந்ததும் 3 நிமிடம் கூட்டத்தின் ஓசையைப் பதிவாக விடுங்கள், தட்டின் முடிவுக்கு அது வேண்டும். பிறகு நிறுத்தி, இரண்டு கார்டையும் எடுத்து, எழுதாமல் தடுக்கும் சின்னப் பொத்தானைத் தள்ளி, ஒருவர் பையில் போட்டுவிட வேண்டும். மைக் கழற்ற வேறொருவர். கட்டடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் மடிக்கணினியில் ஒரு பிரதி, வெளிவட்டில் ஒரு பிரதி. 35 ஜிபி வரை இருக்கும். கார்டு ரீடர் வேகத்தைப் பொறுத்து பத்து முதல் இருபது நிமிடம் காத்திருங்கள்.