பதறாத ஆளைத்தான் நம்புவோமா?

தூத்தூர் கடலோடி:
எங்கள் பக்கத்து விசைப்படகு ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதம், சில சமயம் நாற்பது நாள்கூட ஆகும். எந்த ஸ்ராங்கோடு, அதாவது படகை நடத்தும் தலைவரோடு, ஏறுவது என்று யோசிக்கும்போது மீன் கணக்கை மட்டும் பார்க்க மாட்டோம். நான் 7 வருடம் ஒரே ஆளோடு போனேன். தூண்டில் கயிறு மொத்தமாக அறுந்துபோன அன்றும் வயர்லெஸ்ஸில் அவர் குரல் மாறவில்லை. பதறாத ஆளைத்தான் நம்பலாம் என்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குளச்சல்காரி:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. 2017 நவம்பர் 30, எங்கள் குமரிக் கடலோரத்தில் ஓகி புயல் அடித்த நாள். கடலுக்குப் போனவர்கள் எங்கே என்று கேட்ட இடத்திலெல்லாம், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று அலுங்காமல் பதில் வந்தது. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் ஆயிரக்கணக்கான பேர் ரயிலை மறித்த பிறகுதான் எங்கள் குரல் வெளியே கேட்டது. நெஞ்சிலடித்து அழுத பெண்களைத்தான் நான் நம்பினேன். அக்கறை இல்லாதவர் முகமும் அலுங்காமல்தான் இருக்கும்.

மார்த்தாண்டம் நர்ஸ்:
அக்கா சொல்வது சரி. அவசரப் பிரிவில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ‘வெயிட் பண்ணுங்க’ என்றால் சொந்தக்காரர்கள் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இதுவரை தெரிந்தது இவ்வளவு, டாக்டர் வந்ததும் மீதியைச் சொல்கிறேன் என்றால் நம்புவார்கள். குரல் நடுங்கினால் அவர்களும் நடுங்குவார்கள். அழ வேண்டியதை உடை மாற்றும் அறையில் அழுதுவிட்டுத்தான் வருவேன்.

தூத்தூர் கடலோடி:
நான் சொல்ல வந்ததைச் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. வேறொரு படகில் ஒரு தடவை போனேன். அந்த ஸ்ராங்கு நல்ல வேலைக்காரர், மனசும் நல்லது. ஆனால் எப்போது சிரிப்பார், எப்போது சீறுவார் என்று தெரியாது. எஞ்சின் அறையில் தண்ணீர் கசிவதைச் சின்னப் பையன் ஒருவன் சாயங்காலமே பார்த்துவிட்டான். ஏச்சு விழும் என்று பயந்து சொல்லவில்லை. ராத்திரி முழங்கால் அளவு தண்ணீர். விடிய விடிய வாளியால் இறைத்தோம். என் பழைய ஸ்ராங்கிடம் என்றால் பார்த்த நிமிடமே ஓடிப்போய்ச் சொல்லியிருப்பான். கெட்ட சேதியைப் பயமில்லாமல் கொண்டுபோகலாம், அதைத்தான் நம்பிக்கை என்கிறேன்.

குளச்சல்காரி:
இதை மறுக்க முடியவில்லை. எங்கள் அப்பா கோபக்காரர். நகைக்கடன் வட்டி ஏறியதை அம்மா 2 வருடம் மறைத்துவிட்டார். ஏல நோட்டீஸ் வந்த அன்றுதான் அப்பாவுக்குத் தெரியும். ‘என்கிட்ட ஏன் சொல்லல’ என்று அன்றைக்கும் கத்தத்தான் செய்தார்.
ஆனாலும் அண்ணா, அழுகிறவளை நம்பக் கூடாது என்று மட்டும் யாரும் பேசிவிடாதீர்கள். அந்த ஒரு வாரமும் கரையில் நின்று அழுதவர்களில் நானும் ஒருத்தி.

தூத்தூர் கடலோடி:
அப்படிப் பேச மாட்டேன் தங்கச்சி. அன்றைக்கு என் வீட்டிலும் அழுதார்கள். நான் அப்போது கடலில் இருந்தேன்.