வீட்டிலேயே காரின் என்ஜின் ஆயிலையும் பில்டரையும் மாற்றுவது குறித்து

கேள்வி: நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஸ்விப்ட் பெட்ரோல் கார். வாரண்டிக் காலம் முடிந்து நெடுநாள் ஆகிவிட்டது. இம்முறை ஆயிலையும் பில்டரையும் வீட்டு வாசலிலேயே நானே மாற்றலாம் என்று எண்ணியிருக்கிறேன். பாக்ஸ் ஸ்பேனர் செட் ஒன்றும், டயர் மாற்றுவதற்காகக் காரோடு கொடுத்த ஜாக்கியும் கைவசம் உள்ளன. அந்த ஜாக்கியால் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் படுத்து வேலை செய்யலாமா? அடுத்து, எங்கள் பகுதி மெக்கானிக் ஒருவர், நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில்தான் தாங்கும் என்கிறார்; காரின் கையேடோ அதைவிட மிக இளகிய ஆயிலைச் சொல்கிறது. எதைப் பின்பற்றுவது? வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

பதில்: மரையாணி

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான்: கூடாது. காரோடு வரும் ஜாக்கி சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே ஆனது. ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள வண்டி அதன் மேல் நிற்கும்போது யாரும் அடியில் கையைக் கூட நீட்டக் கூடாது. முன் சக்கரங்கள் ஏறி நிற்கும்படியான இரும்புச் சாய்தளம் ஒரு ஜோடி வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் நல்ல டிராலி ஜாக்கியால் தூக்கி, கையேடு காட்டும் தாங்கு புள்ளிகளுக்கு அடியில் இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் போட்ட பிறகு, வண்டியை ஒருமுறை நன்றாக அசைத்துப் பாருங்கள். தரை சமமான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு புதைந்துவிடும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குவது அதைவிட மோசம்.

என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் ஆயில் இளகி, அடியில் தங்கிய கசடையும் சேர்த்துக்கொண்டு வடியும். ஆனால் நெடுந்தூரம் ஓட்டி வந்த கையோடு திறக்க வேண்டாம். அந்தச் சூட்டில் கை வெந்துவிடும். பேனட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியை முதலில் கழற்றி வைத்தால் வடிதல் விரைவாகும். அடியில் படுத்தபடி, ஆயிலை வடிக்கும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் போல்ட்டைத் திருப்பும்போது இடம் வலம் குழம்பி, தளர்த்துவதாக எண்ணி இறுக்குபவர்கள் உண்டு. போல்ட்டின் தலையை நேராகப் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புங்கள். தளர்ந்த பிறகு, அதை உள்நோக்கி அழுத்தியவாறே விரலால் சுழற்றிக் கடைசி மரையில் சட்டென்று விலக்கினால் கையில் அதிகம் படாது. ஆயில் முதலில் வேகமாகச் சற்றுத் தள்ளிப் பாயும், வேகம் குறையக் குறைய போல்ட்டுக்கு நேர் கீழே வந்துவிடும் என்பதால் ஆயிலைப் பிடிக்க வைத்த தட்டை அதற்கேற்ப நகர்த்த வேண்டியிருக்கும். பழைய ஆயில் தோலுக்குத் தீங்கானது, ரப்பர் கையுறை அவசியம். துடைப்பதற்குப் பனியன் வேஸ்ட் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பில்டர் கையால் கழலாவிட்டால் அதற்கென்று உள்ள கப் அல்லது பட்டை ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள். ஸ்குரூ டிரைவரைக் குத்தித் திருகும் வழக்கத்தைக் கைவிடுவது நல்லது. தகடு கிழிந்து, பில்டரின் அடிப்பாகம் மட்டும் என்ஜினிலேயே தங்கிவிட்டால் வேலை இரட்டிப்பாகும். கழற்றியதும், பழைய பில்டரின் ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா, என்ஜினில் ஒட்டிக்கொண்டதா என்று கட்டாயம் பாருங்கள். அது தங்கியிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் இரண்டு வளையங்களும் வழுக்கி ஆயில் முழுவதும் தரையில் கொட்டிவிடும். புதிய பில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு சுமார் முக்கால் சுற்று இறுக்கினால் போதுமானது; பில்டரின் அட்டையில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு, முதல் சில மரைகளை விரலாலேயே ஏற்றுங்கள். நீளக் குழாயை மாட்டிப் பலம் காட்டினால் மரை போய்விடும். பிறகு என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் பாத்திரத்தையே மாற்ற வேண்டிவரும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் பட்டறைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கலாம்.

பதில்: வைகைப்பயணி

மெக்கானிக் சொன்னது பழைய கார்களின் காலத்திலிருந்து வழிவழியாக வரும் நம்பிக்கை. வெளியே வெயில் நாற்பது டிகிரி என்றாலும், என்ஜின் சூடேறிய பின் அதன் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஒரே மட்டத்தில் நிறுத்த முயல்கின்றன. ஆகவே ஊட்டியில் ஓடினாலும் வேலூரில் ஓடினாலும் உள்ளே ஆயில் காணும் சூட்டில் பெரிய வேறுபாடு இராது. ஆயில் எண்ணில் இரண்டாவதாக வரும் 30, 50 என்பன 100 டிகிரி செல்சியஸில் அளந்த கெட்டித்தன்மையைக் காட்டுபவை: 30 என்றால் 9.3 முதல் 12.5 செண்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையின் அலகு), 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள். உங்கள் ஸ்விப்ட்டின் கே-சீரிஸ் என்ஜினில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குவது. சிறு துளைகள் வழியே ஆயில் விரைந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரு மடங்கு கெட்டியானதை ஊற்றுவதற்கு நியாயமே இல்லை. கையேட்டில் உள்ள எண்ணையும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தையும் பாருங்கள். அதைவிடப் புதிய ஏபிஐ எஸ்பி தரத்தில் கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம்.

அளவிலும் கவனம் வேண்டும். அந்த என்ஜின் பில்டருடன் சேர்த்து மூன்று லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், கடையிலோ மூன்றரை லிட்டர் கேன் இருக்கும். கேனை முழுதும் கவிழ்த்துவிட்டால், சுழலும் கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கிவிடும். நுரை எந்தப் பாகத்தையும் காக்காது. கொஞ்சம் குறைவாகவே ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, வண்டியைச் சமதளத்துக்கு இறக்கி ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்து, மேல்குறியை நெருங்கும் வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். ஸ்டார்ட் செய்த சில விநாடிகளில் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

போலி ஆயில் சந்தையில் நிறைய உண்டு. காலி கேன்களை வாங்கி நிரப்பி விற்பதே அதற்கு எளிய வழி. எனவே நம்பகமான விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள், உங்கள் காலிக் கேனைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் மறக்காமல் துளைத்து விடுங்கள்.

பதில்: தென்கரை

மேலே இருவரும் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் சாய்தளம், தட்டு, பில்டர் ஸ்பேனர் எல்லாம் புதிதாக வாங்கினால் முதல் முறையில் பணம் மிச்சமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறையில் வண்டியை லிப்டில் ஏற்றும்போது பிரேக் பேடு, ஆக்சில் பூட், பால் ஜாயிண்ட் எல்லாம் ஒருவர் கண்ணில் படும். அந்தப் பார்வையையும் நீங்களே ஏற்க வேண்டும். அதில் ஆர்வம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், சிக்கனம் மட்டுமே நோக்கம் என்றால் யோசியுங்கள்.

பழைய ஆயிலைப் பற்றி யாரும் எழுதவில்லை. கரையானுக்கு மரத்தில் பூசுவது, கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது, புழுதி அடங்கத் தரையில் தெளிப்பது என்றெல்லாம் நம் ஊரில் பழக்கம் இருக்கிறது. இவை எல்லாமே உலோகத் துகளும் எரிந்த கழிவும் கலந்த அந்த எண்ணெயை மண்ணுக்கும் கிணற்றுக்கும் அனுப்பும் வழிகள். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் முதல், பயன்படுத்திய ஆயிலின் மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்களையே பொறுப்பாக்கும் விதிகளும் நடைமுறையில் உள்ளன. ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பில்டரை ஓரிரவு கவிழ்த்து வடியவிட்டு, பீப்பாயில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் நிலையம் ஒன்றில் ஒப்படையுங்கள். பெட்ரோல், தண்ணீர், கூலன்ட் எதையும் அதில் கலக்கக் கூடாது; கலந்தால் மறுசுழற்சி செய்வது கடினமாகிவிடும்.

நொய்யல்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. சாய்தளமே வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஓர் ஐயம். எவ்வளவு வடித்தாலும் சிறிது பழைய ஆயில் உள்ளே தங்கிவிடும் என்கிறார்கள். அதைப் போக்க என்ஜின் பிளஷ் என்று விற்கும் திரவத்தை ஊற்ற வேண்டுமா?

மரையாணி

தேவையில்லை. நாளங்களிலும் இடுக்குகளிலும் கொஞ்சம் தங்குவது எல்லா என்ஜினிலும் இயல்பு. புது ஆயில் அதைச் சமாளித்துக்கொள்ளும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது தவறாமல் மாற்றி வந்த வண்டிக்குப் பிளஷ் வீண் செலவு. கவனிப்பின்றிக் கிடந்து கசடு படிந்த என்ஜினிலோ, அது கசடைப் பெயர்த்து ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கவும் கூடும். அந்தப் பணத்துக்கு நல்ல பில்டராக வாங்குங்கள். மாற்றிய மறுநாள் காலை, வண்டியை எடுக்குமுன் தரையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக்கையும் அப்போதே மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.